நல்ல தண்ணிதானே என்று விட்டுவிடலாமா? படகு வயரிங்: வாசகர் கேள்வி, பதில்

மலை ஏரிகளில் ஓடும் படகுகளின் வயரிங் பற்றி ஊட்டி, பைக்காரா, கொடைக்கானல், கோத்தகிரிப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். பல கடிதங்களில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: "கடல் இல்லையே, நல்ல தண்ணிதானே." உப்பு இல்லாததால் செம்பு கொஞ்சம் மெதுவாகக் கெடும் என்பது உண்மைதான். அதோடு சலுகை முடிந்துவிடுகிறது. மூடுபனி தினமும் வயருக்குள் ஈரத்தைச் சேர்க்கிறது. குளிர் பேட்டரியின் பலத்தைக் குறைக்கிறது. தண்ணீரில் கசியும் மின்சாரம் ஆளைத் தாக்கும் விஷயத்தில் நன்னீர் கடல்நீரைவிட ஆபத்தானது. ஏன் என்பது கீழே ஊட்டி வாசகருக்கான பதிலில் இருக்கிறது.

படகுப் பராமரிப்புப் பணியாளர், கொடைக்கானல்: எங்கள் படகுகளில் லைட், ஹாரன், பம்ப் எல்லாவற்றுக்கும் வீட்டு வயரே ஓடுகிறது. இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் கனெக்‌ஷன் விட்டுவிடுகிறது. வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு கறுத்திருக்கிறது. இன்சுலேஷன் எங்கும் கிழியவில்லை. பிறகு தண்ணீர் எப்படி உள்ளே போகிறது?

வெட்டிய முனை வழியாகத்தான். பல இழை வயரில் இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளி, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். லக் (வயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) மாட்டிய இடத்தில் தொடங்கும் களிம்பு, இன்சுலேஷனுக்கு அடியில் பல அங்குலம் உள்ளே போய்விடும். கறுத்த செம்பை எவ்வளவு சுரண்டினாலும் புது லக் சரியாகப் பிடிக்காது. பளபளப்பான செம்பு தெரிகிற இடம்வரை வெட்டி எறியுங்கள். அப்படி வெட்டினால் நீளம் போதாது என்றால் வயரையே மாற்றிவிடுங்கள்.

படகுக்கு ஏற்றது டின் பூசிய, மெல்லிய இழைகள் நிறைய உள்ள செம்பு வயர். படகுச் சாமான் கடைகளில் இது கிடைக்கும். மலைமேல் அப்படிப்பட்ட கடை இல்லை என்பவர்களுக்கு நாங்கள் சொல்லும் மாற்று, சோலார் பேனலுக்குப் போடும் டி.சி. கேபிள். சோலார் கடை உள்ள ஊரில் எல்லாம் 4, 6 ஸ்கொயர் எம்.எம். அளவுகளில் சிவப்பு, கறுப்பு இரண்டும் கிடைக்கும். டின் பூசிய செம்பு, இரட்டை உறை, வெயிலைத் தாங்கும். கொஞ்சம் விறைப்பாக இருக்கும், வளைவுகளில் பொறுமையாகப் படிய வைக்க வேண்டும். வாங்கும்போது ஒரு இழையைப் பிரித்து பிளேடால் சுரண்டுங்கள். மேலே வெள்ளி நிறம், சுரண்டிய இடத்தில் செம்பு நிறம் என்றால் சரி. சுரண்டிய பிறகும் வெள்ளையாகவே இருந்தால் அது அலுமினியம், வாங்காதீர்கள். செம்பு முலாம் பூசிய அலுமினிய வயரும் சந்தையில் உண்டு. அதில் மேலே செம்பு நிறம் தெரியும், சுரண்டினால் உள்ளே வெள்ளை. அதுவும் வேண்டாம்.

ஒற்றைக் கம்பி வயரைப் படகில் எந்த இடத்திலும் போடக் கூடாது. இன்ஜின் அதிர்விலும் அலை ஆட்டத்திலும் அது முறியும், முறிந்தது வெளியே தெரியாது.

வயரை 45 சென்டிமீட்டருக்கு ஒரு கிளிப் வைத்துப் பிடியுங்கள். பலகையையோ ஃபைபர் சுவரையோ துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் கிராமெட் (துளை விளிம்பில் மாட்டும் வளையம்) கட்டாயம். சுவிட்ச், லைட் எதற்குள் வயர் நுழைந்தாலும், நுழையும் முன் கீழே ஒரு தொங்கல் வளைவு விடுங்கள். வயரில் வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே ஏறாது. படகை ஷெட்டில் ஏற்றி வைக்கும் மாதங்களில் எலித் தொல்லையும் உண்டு. தரை ஓரம் போகும் வயரை நெளிவுக் குழாய்க்குள் விடுவது நல்லது. ஆனால் குழாயின் தாழ்வான இடத்தில் ஒரு சின்ன ஓட்டை போட மறக்காதீர்கள், இல்லையென்றால் குழாயே தண்ணீர்த் தொட்டியாகும்.

அதே வாசகர்: வேன் மெக்கானிக் ஒருவர் எங்களுக்கு வயரிங் செய்கிறார். ஒரு வயர் மட்டும் இழுத்து, மைனஸை இரும்புச் சட்டத்தில் கொடுத்துவிடுகிறார். சரியா?

தவறு. வேனில் பாடி எர்த் செல்லும், படகில் செல்லாது. சட்டம், இன்ஜின் பிளாக், புரொப்பெல்லர் வழியாகக் கரண்ட் தண்ணீருக்குள் கசிந்து உலோகத்தை அரித்துவிடும். ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு வயர், மைனஸ் வயர்கள் எல்லாம் ஒரு செம்புப் பட்டையில் சேர்ந்து, அங்கிருந்து ஒரே கேபிளாக பேட்டரிக்கு. நிறத்தையும் இப்போதே ஒழுங்கு செய்துகொள்ளுங்கள்: பிளஸுக்குச் சிவப்பு, மைனஸுக்கு மஞ்சள். கறுப்பையும் மைனஸுக்குப் போடுவார்கள்தான், மேலே சொன்ன சோலார் கேபிளிலும் கிடைப்பது கறுப்புதான், அதன் முனைகளில் மஞ்சள் குறி வையுங்கள். ஆனால் நம் வீட்டு வயரிங்கில் கறுப்பு என்றால் நியூட்ரல். கரையில் 230 வோல்ட் வேலை செய்த அதே கை படகிலும் வேலை செய்யும்போது இந்தக் குழப்பம் உயிருக்கே வினையாகலாம்.

மோட்டார் படகு ஓட்டுநர், பைக்காரா: முன்பக்கத்தில் போட்ட 10 ஏம்பியர் சர்ச் லைட் மங்கலாக எரிகிறது. பேட்டரி புதுசு, லைட்டும் புதுசு. 1.5 ஸ்கொயர் எம்.எம். வயர் 10 ஏம்பியரைத் தாங்கும் என்றுதான் கடையில் சொன்னார்கள்.

கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. வயர் சூடாகி உருகாது. ஆனால் 12 வோல்ட்டில் கணக்கே வேறு, வழியில் எவ்வளவு வோல்டேஜ் தொலைகிறது என்று பார்க்க வேண்டும். சூத்திரம் எளிது: 0.0175-ஐ வயரின் மொத்த நீளத்தால் (மீட்டரில், போக வர இரண்டும் சேர்த்து) பெருக்குங்கள், ஏம்பியரால் பெருக்குங்கள், வயரின் ஸ்கொயர் எம்.எம்.-ஆல் வகுங்கள். வருவது தொலையும் வோல்ட்.

பேட்டரி பின்னால், லைட் முன்னால், நடுவே 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக வர 12 மீட்டர். 1.5 ஸ்கொயர் எம்.எம். வயரில் 1.4 வோல்ட் போய்விடும், அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டு. 4 போட்டால் அரை வோல்ட் சொச்சம். 6 போட்டால் 0.35 வோல்ட், நூற்றுக்கு மூன்றுக்குள். தண்ணீர் இறைக்கும் பம்ப், அடையாள விளக்கு, சர்ச் லைட் போன்ற பாதுகாப்புக் கருவிகளுக்கு 3 சதவீதம்தான் எல்லை. மற்ற சாதாரண விளக்குகளுக்கு 10 சதவீதம் வரை விடலாம். உங்கள் லைட்டுக்கு 6 ஸ்கொயர் எம்.எம். போடுங்கள்.

புது வயர் இழுக்கும் முன் ஒரு சோதனை. லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரில் பேட்டரி முனையில் ஒரு அளவும், லைட் முனையில் ஒரு அளவும் எடுங்கள். வித்தியாசம் 1.4-ஐத் தாண்டி 3 வோல்ட் என்று வந்தால், வயர் மெலிந்திருப்பது மட்டும் காரணம் இல்லை, நடுவில் எங்கோ ஒரு ஜாயின்ட் களிம்பேறிக் கிடக்கிறது. அணைத்துவிட்டு அளந்தால் இந்தக் குறை தெரியாது. கரண்ட் ஓடும்போது மட்டுமே வோல்டேஜ் விழும்.

மற்றொரு ஓட்டுநர், பைக்காரா: டிசம்பர், ஜனவரி காலைகளில் இன்ஜின் இழுக்க மறுக்கிறது. ஹைட்ரோமீட்டரில் 1260 காட்டுகிறது, அதாவது ஃபுல் சார்ஜ். ஆனால் ஸ்டார்ட்டர் முனகுகிறது.

அந்த 1260-ஐ நம்ப வேண்டாம். ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் அளவு 27 டிகிரிக்கு வகுத்தது. குளிரில் ஆசிட் அடர்த்தியாகிவிடும், அதனால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.7 புள்ளி கழிக்க வேண்டும். 5 டிகிரிக் காலையில் 22 டிகிரி வித்தியாசம், கழிக்க வேண்டியது 15 புள்ளி. உங்கள் பேட்டரி உண்மையில் 1245-இல்தான் நிற்கிறது. அதோடு பூஜ்யம் டிகிரியை நெருங்கும்போது ஈய ஆசிட் பேட்டரியின் கொள்ளளவே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும், இன்ஜின் ஆயிலோ கெட்டியாகி இழுவை கூடும்.

இதற்கு வேர் பெரும்பாலும் சார்ஜரில் இருக்கிறது. சமவெளி வெப்பத்துக்கு 14.4 வோல்ட்டில் செட் செய்த சார்ஜர், 5 டிகிரியில் பேட்டரியை நிரப்பாது. அங்கே 14.8 வோல்ட் பக்கம் வேண்டும். தினமும் கொஞ்சம் குறையாகவே நிரம்பும் பேட்டரியில் தகடுகள் சல்ஃபேட் ஏறி ஒரே குளிர்காலத்தில் வீணாகும். வெப்பநிலை பார்த்து வோல்டேஜை மாற்றும் சார்ஜராக, சென்சார் வயரோடு வாங்குங்கள். சென்சார் பேட்டரியின் மேல் ஒட்டியிருக்க வேண்டும், சுவரில் அல்ல. வெப்பநிலை ஏறினால் வோல்டேஜைத் தானே இறக்கும் வசதி இல்லாத சார்ஜரில் வோல்டேஜைக் கையால் ஏற்றி வைத்துவிட்டு மே மாதம் மறந்துவிடாதீர்கள், ஆசிட் கொதிக்கும்.

பேட்டரியைக் குறை சொல்லும் முன் கேபிளையும் பாருங்கள். ஒருவர் ஸ்டார்ட்டரைச் சுற்றட்டும். மல்டிமீட்டரின் ஒரு கம்பி பேட்டரி பிளஸ் முனையில், இன்னொன்று ஸ்டார்ட்டர் போல்ட்டில். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளோ லக்கோ சுவிட்சோ பழுது. அதேபோல் பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே 0.3 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. சுற்றும்போது பேட்டரி முனையில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அப்போது பேட்டரியைச் சந்தேகியுங்கள்.

எஸ்டேட் உரிமையாளர், கோத்தகிரி: எங்கள் குளத்தில் சின்ன ஃபைபர் படகுக்கு 12 வோல்ட் எலக்ட்ரிக் மோட்டார் மாட்டுகிறோம். 55 பவுண்டு உந்துவிசை. ஃபியூஸ் மோட்டார் அருகே போடுவதா, பேட்டரி அருகே போடுவதா?

பேட்டரி அருகே. ஃபியூஸ் காப்பாற்றுவது மோட்டாரை அல்ல, வயரை. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வரை உள்ள வயருக்குப் பாதுகாப்பே கிடையாது. அந்தத் துண்டு எங்கேயாவது உரசி ஷார்ட் ஆனால் பேட்டரி காலியாகும்வரை எரியும். ஆகவே பிளஸ் முனையிலிருந்து 18 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். படகு வயரிங் தரத்திலும் இதுதான் அளவு.

உங்கள் மோட்டார் முழு வேகத்தில் 50 ஏம்பியர் பக்கம் இழுக்கும். 60 ஏம்பியர் ஃபியூஸ் போதும். பேட்டரியை முன்னால் வைத்து மோட்டாரைப் பின்னால் மாட்டினால், ஒரு வழி 4 மீட்டர் என்றால், 16 ஸ்கொயர் எம்.எம். கேபிளில் 0.44 வோல்ட் தொலையும், 25 போட்டால் 0.28. நாங்கள் 25-ஐத்தான் சொல்வோம். எடைக் கணக்கு அனுமதித்தால் பேட்டரியைப் பின்னுக்குக் கொண்டுவந்து கேபிளை இரண்டு மீட்டராகக் குறைப்பது இன்னும் நல்லது. 100 ஏம்பியர்-அவர் (Ah) ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்காமல் இருந்தால், முழு வேகத்தில் ஒரு மணி நேரம்தான் ஓடும். துடுப்பு படகிலேயே இருக்கட்டும்.

பேட்டரியைப் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, பட்டையால் இறுக்குங்கள். எந்தப் பக்கம் தள்ளினாலும் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. பெட்டியின் மூடியில் காற்றோட்டம் வேண்டும். சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். பிளஸ் முனைக்கு ரப்பர் தொப்பி. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

ஏரிக்கரை விடுதிப் பொறுப்பாளர், ஊட்டி: விருந்தினருக்கான படகுகளை இரவில் துறையிலேயே கட்டி, அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து சார்ஜ் போடுகிறோம். துறை முழுக்க அலங்கார விளக்கும் 230 வோல்ட்டில் ஓடுகிறது. எம்.சி.பி. இருக்கிறது, எர்த்தும் இருக்கிறது. போதாதா?

போதாது. வந்த கடிதங்களில் எங்களை மிகவும் கவலைப்பட வைத்தது இதுதான். இதைப் படித்தவுடனே எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் துறையிலிருந்து எடுத்துவிடுங்கள், மீதியைப் பிறகு படிக்கலாம்.

எம்.சி.பி., அதாவது கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச், ஆளைக் காப்பதற்கு வந்த கருவி அல்ல. 16 ஏம்பியர் பி வகை எம்.சி.பி. உடனே விழ 48 முதல் 80 ஏம்பியர் வரை ஓட வேண்டும். மலையில் பாறையும் சரளையும் கலந்த மண்ணில் எர்த் குழி 20 ஓம் காட்டுவது சாதாரணம். 230-ஐ 20-ஆல் வகுத்தால் 11.5 ஏம்பியர். ஃபேஸ் வயர் எர்த்தோடு நேராக ஒட்டிக்கொண்டாலும் அந்த எம்.சி.பி. அசையாது. சார்ஜரின் உலோக உடலும், அதோடு சேர்ந்த படகின் உலோகமும், சுற்றியுள்ள தண்ணீரும் கரண்ட்டில் கிடக்கும், யாருக்கும் தெரியாது.

மனித உடலின் உள்ளே உப்பு இருக்கிறது. கடல்நீர் நம் உடலைவிட நன்றாக மின்சாரம் கடத்தும், ஆகவே கசியும் கரண்ட்டில் பெரும்பகுதி ஆளைச் சுற்றிப் போய்விடும். ஏரி நீர் நம் உடலைவிட மோசமாகக் கடத்தும், அதனால் கரண்ட் ஆள் வழியாகவே போகும். 10 முதல் 15 மில்லி ஏம்பியரிலேயே தசைகள் இறுகி, நீச்சல் தெரிந்தவரும் கை கால் அசைக்க முடியாமல் மூழ்குவார். உடலில் தீக்காயம் இருக்காது, வெளியே பார்ப்பவர்களுக்கு நீரில் மூழ்கியதாகத்தான் தெரியும்.

செய்ய வேண்டியது இது. சார்ஜரைக் கரையில், கூரைக்கு அடியில், பூட்டிய பெட்டியில் வையுங்கள். 230 வோல்ட் அந்தப் பெட்டியோடு நிற்க வேண்டும். அங்கிருந்து படகுக்குப் போவது 12 அல்லது 48 வோல்ட் டி.சி. கேபிள் மட்டும். சார்ஜர் உள்ளே டிரான்ஸ்ஃபார்மரால் பிரிக்கப்பட்ட வகையாக இருக்க வேண்டும், வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். சின்ன பேட்டரி என்றால் அதைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்து சார்ஜ் போடுவதே எல்லாவற்றிலும் பாதுகாப்பு.

பெட்டிக்கு வரும் லைனில் 30 மில்லி ஏம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்ச்) போடுங்கள். கடையில் 100, 300 மில்லி ஏம்பியரும் இருக்கும், அவை தீ விபத்தைத் தடுக்க, ஆளைக் காக்க அல்ல. எர்த் பலவீனமான இடத்திலும் ஆர்.சி.சி.பி. வேலை செய்யும், கசிவு 30 மில்லி ஏம்பியரைத் தொட்டாலே அதற்குப் போதும். அதற்காக எர்த்தை விட்டுவிடக் கூடாது, இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அழுத்தி விழாத ஆர்.சி.சி.பி. அன்றே மாற வேண்டும். அடிக்கடி தானாக விழுகிறது என்று அதை பைபாஸ் செய்துவிடும் வழக்கம் உண்டு. விழுந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள், கசிவைத் தேடுங்கள்.

அலங்கார விளக்குகளை 12 அல்லது 24 வோல்ட் எல்.இ.டி. பட்டைகளாக மாற்றுங்கள், அவற்றின் அடாப்டரும் கரையிலேயே. துறையில் கட்டிய படகுகளுக்கு நடுவே யாரும் நீரில் இறங்கக் கூடாது என்று ஒரு பலகை வையுங்கள். உங்கள் ஊழியர்கள் படகு கழுவ இறங்குவதும் இதில் அடங்கும்.

அதே வாசகர்: ஒருவேளை யாராவது துறையருகே விழுந்து அசையாமல் போனால்?

முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். அதற்கு முன் யாரும் குதிக்கக் கூடாது, குதித்தவரும் மூழ்குவார். மெயின் எங்கே என்று எல்லா ஊழியருக்கும் தெரிந்திருக்க வேண்டும், துறையிலிருந்து ஓடி எட்டும் தூரத்தில் ஒரு அவசர சுவிட்சும் வேண்டும். கயிறு கட்டிய மிதவையை வீசுங்கள். மின்சாரம் போனபின் கரைக்கு இழுத்து, மூச்சு இல்லையென்றால் மார்பை 30 முறை அழுத்தி 2 முறை மூச்சு ஊதும் முதலுதவியைத் தொடங்குங்கள், இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். மின்சாரம் தாக்கியிருக்கலாம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

வாசகி, குன்னூர்: படகில் பாட்டுப் பெட்டிக்காக இன்வெர்ட்டர் வைக்கலாமா?

வேண்டாம். 12 வோல்ட்டில் ஓடும் ஆம்ப்ளிஃபயர் கடையில் கிடைக்கிறது. நீர்மேல் 230 வோல்ட் உண்டாக்க வேண்டிய தேவையே இல்லை.

பாலிடெக்னிக் மாணவர், கொடைக்கானல்: வயர் முனையில் ஈயம் வைப்பதா, கிரிம்ப் செய்வதா? சார் ஈயம்தான் உறுதி என்கிறார்.

உங்கள் ஆசிரியர் சொல்வது சர்க்யூட் போர்டுக்குச் சரி. படகில் ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒரு துண்டு வயரை விறைப்பாக்கிவிடும், விறைப்பு முடிகிற விளிம்பில் அதிர்வு இழைகளை ஒவ்வொன்றாக உடைக்கும். லூஸ் ஆகிச் சூடேறினால் ஈயம் உருகிக் கழன்றும் விடும். ஆகவே கிரிம்ப், அதாவது லக்கை வயர்மேல் நசுக்கிப் பிடிக்க வைப்பது. ராட்செட் உள்ள கிரிம்ப் பிளையர் வாங்குங்கள். முழு அழுத்தம் வரும்வரை அது வாயைத் திறக்காது. சாதாரணக் கட்டிங் பிளையரால் நசுக்குவதைக் கிரிம்ப் என்று சொல்ல முடியாது. லக் வளைய வடிவில் இருக்க வேண்டும். முள்கரண்டி வடிவ லக், திருகு சற்றுத் தளர்ந்தாலும் நழுவிவிடும். கிரிம்ப் செய்ததும் பலமாக இழுத்துப் பாருங்கள், கழன்றால் அது ஜாயின்ட்டே இல்லை. பிறகு உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். சூடேற்றும்போது இரு முனையிலும் பசை லேசாகப் பிதுங்க வேண்டும். முதல் கேள்வியில் சொன்ன ஈரம் ஏறும் வழி அப்போதுதான் அடையும். இன்சுலேஷன் டேப் மலை ஈரத்தில் சில மாதங்களில் பிசுபிசுத்துப் பிரியும், அதன் அடியில் தண்ணீரும் தங்கும்.

படகு உரிமையாளர், ஊட்டி: வாட்டர்ப்ரூஃப் ஜங்ஷன் பாக்ஸ் போட்டு, எல்லா இடுக்கிலும் சிலிக்கான் அடைத்தேன். மழைத் தண்ணீர் ஒரு சொட்டுப் போக வழியில்லை. ஆறு மாதத்தில் திறந்தால் அடியில் தண்ணீர் நிற்கிறது.

அது மழைத் தண்ணீர் அல்ல, பெட்டி இழுத்த மூச்சு. பகல் வெயிலில் உள்ளே காற்று விரிந்து கேபிள் இடுக்கு வழியாக வெளியேறும். இரவுக் குளிரில் சுருங்கி, பனி நிறைந்த காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் சுவரில் நீராகிச் சொட்டும். பகலும் இரவும் இவ்வளவு வேறுபடும் ஊரில் முழுக்க அடைக்க முயல்வது வீண். கேபிள்கள் எல்லாம் அடிப்பக்கம் வழியாகவே நுழையட்டும், அடியில் 5 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போட்டு அதில் மெல்லிய வலை வையுங்கள், பூச்சி ஏறாது. உள்ளே முனைகளை இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். இறுக்கும் முன் தடவ வேண்டாம். சிலிக்கான் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: புளிப்பு வாடை வரும் வகை காயும்போது அமிலம் விடும், செம்பை அரிக்கும். அந்தப் பெட்டியின் முனைகளை இப்போதே பாருங்கள்.

அதே வாசகர்: படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்ப்பை மெயின் சுவிட்சோடு சேர்த்துவிட்டேன். இரவில் மழை பெய்தால்?

படகு மூழ்கும். தானியங்கி பம்ப் ஒன்றுதான் மெயின் சுவிட்சைத் தாண்டி நேரே பேட்டரியிலிருந்து வர வேண்டிய கருவி, தனி ஃபியூஸோடு. பம்ப்பின் மேல் அச்சிட்ட ஃபியூஸ் அளவையே போடுங்கள். இலையோ ஏரிப்பாசியோ சிக்கி மோட்டார் நின்றுபோனால் கரண்ட் பல மடங்கு ஏறும். பெரிய ஃபியூஸ் போட்டிருந்தால் அது போகாது, பம்ப் வயர் எரியும். மிதவைச் சுவிட்சின் ஜாயின்ட்டுகளை, தண்ணீர் எவ்வளவு ஏறினாலும் எட்டாத உயரத்தில் வையுங்கள். பம்ப் அருகிலேயே ஜாயின்ட் போடுவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் பிழை.

எஸ்டேட் மேலாளர், அவலாஞ்சிப் பக்கம்: 48 வோல்ட் லித்தியம் பேட்டரி போட்ட படகு வாங்கியிருக்கிறோம். உறைபனி நாட்களில் காலை 7 மணிக்குச் சார்ஜ் போட்டால் ஏறவில்லை. பழுதா?

பழுது இல்லை, பேட்டரி தன்னைக் காத்துக்கொள்கிறது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் உள்ளே உலோகமாகப் படிந்துவிடும். அந்தச் சேதம் திரும்பாது. பேட்டரியைக் கண்காணிக்கும் சர்க்யூட்டான பி.எம்.எஸ். அதனால்தான் சார்ஜைத் தடுக்கிறது. வெளியே 5 டிகிரி ஆனாலும் இரவெல்லாம் குளிர்ந்த செல்கள் சூடாக இன்னும் நேரம் பிடிக்கும். படகு கரைக்கு வந்தவுடன், மாலையிலேயே சார்ஜ் போட்டுவிடுங்கள். குளிரில் ஓட்டுவதற்குத் தடையில்லை, சேதம் சார்ஜில் மட்டும்தான்.

இந்த பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஏம்பியர் பாயும். கார் ஃபியூஸ், கண்ணாடி ஃபியூஸ் அதை அறுக்க முடியாமல் வெடிக்கும். 20,000 ஏம்பியரை அறுக்கும் கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் கேட்டு வாங்குங்கள். வீட்டு எம்.சி.பி.யும் இங்கே உதவாது. வீட்டுக் கரண்ட் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும், எம்.சி.பி. திறக்கும்போது பொறி அப்போது அணையும். டி.சி.யில் அந்தப் பூஜ்யமே வராது, பொறி நின்று எரிந்து எம்.சி.பி.யை உருக்கும். டி.சி. என்று அச்சிட்டதை வாங்கி, பிளஸ், மைனஸ் குறி பார்த்து மாட்டுங்கள்.

மெக்கானிக், ஊட்டி: உள்ளே பெட்ரோல் இன்ஜின் வைத்த பழைய படகில் கார் ஆல்டர்னேட்டர் மாட்டித் தரச் சொல்கிறார்கள்.

மறுத்துவிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்த் தேங்கும், காற்று அடித்துக் கொண்டுபோக அங்கே வழியில்லை. கார் ஆல்டர்னேட்டரிலும் ஸ்டார்ட்டரிலும் பொறி வெளியே வரும். படகுக்கானவை பொறி வெளியேறாதபடி செய்தவை. ஸ்டார்ட் செய்யும் முன் உறிஞ்சு விசிறியை 4 நிமிடம் ஓட்ட வேண்டும், அதன் குழாய் வாய் இன்ஜின் அறையின் அடிப்பகுதியில் இருக்க வேண்டும். அதன் பிறகும் வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் ஆட்களை இறக்குங்கள்.

அதே வாசகர்: படகின் பின்னால் தொங்கும் அவுட்போர்டு இன்ஜினுக்குத் துத்தநாக ஆனோடு (தான் கரைந்து இன்ஜினைக் காக்கும் உலோகத் துண்டு) மாட்டியும், தண்ணீருக்குள் இருக்கும் அதன் கால் அரிக்கிறது.

ஏரி நீரில் துத்தநாகத்தின் மேல் ஒரு படலம் கட்டி அது வேலையை நிறுத்திவிடும். நன்னீருக்கு மக்னீசியம் ஆனோடு. பெயின்ட் பூசாமல் மாட்டுங்கள். புது மக்னீசியம் ஓரிரு மாதத்தில் கரைந்துவிட்டால் படகிலிருந்து கரண்ட் கசிகிறது. மெயினை அணைத்து, மைனஸ் கேபிளைக் கழற்றி, பேட்டரி முனைக்கும் கேபிளுக்கும் நடுவே ஏம்பியர் மீட்டரை வையுங்கள். பம்ப்பின் மிதவைச் சுவிட்ச் ஓய்வில் இருக்கும்போது மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது அளவு விழுகிறதோ அந்த வயரில்தான் கசிவு.

படகுப் பணியாளர், கொடைக்கானல்: மே மாத சீசனுக்கு முன் ஒரு நாள்தான் கிடைக்கும். எதை முதலில் பார்ப்பது?

பேட்டரி முனைகள், பம்ப், கரையிலுள்ள ஆர்.சி.சி.பி., இந்த வரிசையில். முனைகளைக் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். படகின் அடியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, பம்ப் தானாக ஓடித் தானாக நிற்கிறதா பாருங்கள். ஆர்.சி.சி.பி. டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். நேரம் மிஞ்சினால் எல்லா விளக்கையும் கால் மணி நேரம் எரியவிட்டு, ஒவ்வொரு ஜாயின்ட்டையும் ஸ்லீவின் மேல் விரல் வைத்துத் தொட்டுப் பாருங்கள். வயரைவிட ஜாயின்ட் சூடாக இருந்தால் அதை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள். மாற்று ஃபியூஸ்கள் அளவுக்கு இரண்டு வீதம் ஒவ்வொரு படகிலும் இருக்கட்டும். ஃபியூஸ் போன இடத்தில் கம்பியோ சிகரெட் தாளோ சுற்றி ஓட்டிய படகு இருந்தால் அதைச் சீசனுக்கு இறக்க வேண்டாம்.